கருந்திரையின் பூர்வீகம்

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் இந்த வேடிக்கையைப் பார்த்திருப்பார்கள். 'பட்டி' என்ற இலவச மென்பொருளைத் திறந்து தூரத்து இயந்திரம் ஒன்றுக்குள் நுழைகிறோம். கை தவறி, எழுத்தாகப் படிக்கவே கூடாத ஒரு கோப்பைத் திரையில் கொட்டச் சொல்லிவிடுகிறோம். பீப் சத்தம், கோடுகள், கிறுக்கல்கள். எல்லாம் அடங்கியதும் பார்த்தால், கட்டளை வரியில் யாரும் தட்டாமலே 'பட்டிபட்டிபட்டிபட்டி' என்று எழுதியிருக்கும். வைரஸோ என்று அரண்டவர்கள் உண்டு. அது தந்திக்காலத்து மரியாதை. கொட்டிய குப்பையில் எங்கோ 'நீ யார்?' என்ற பழைய குறியீடு கிடந்திருக்கிறது. தன்னிடம்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, கேட்ட தடவையெல்லாம் மென்பொருள் தன் பெயரைச் சொல்லியிருக்கிறது.

ரூட்டர், சுவிட்ச், தொலைபேசி எக்ஸ்சேஞ்ச், செல்பேசிக் கோபுரத்தடியில் நிற்கும் பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்து, ஒற்றை வரிக் கட்டளைகளால் வேலை வாங்குகிறார்கள். அந்தக் கருந்திரை வீட்டுப் பரண் மாதிரி. எந்தத் தலைமுறையும் பழையதை இறக்கி எறியவில்லை. புதியதை அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அடியில் கிடப்பது பிரான்ஸ் சரக்கு. 1874இல் எமில் போதோ, ஐந்து மின்துடிப்புகளால் ஓர் எழுத்தைக் குறிக்கும் தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஐந்து விசைகளைக் கணக்காகச் சேர்த்து அழுத்தத் தெரிந்தவர்தான் செய்தி அனுப்ப முடியும். நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மரே 1901 வாக்கில் அந்த இடத்தில் தட்டச்சுப் பலகையை வைத்தார். அடிக்கடி வரும் எழுத்துகளுக்குத் துளை குறைவாக விழும்படி குறியீடுகளை மாற்றினார். வண்டியைத் திருப்பு, தாளை ஒரு வரி ஏற்று என்ற இரண்டு உத்தரவுகளையும் எழுத்துகளோடு எழுத்தாகச் சேர்த்தார். நாம் இன்றைக்கும் கட்டளையை முடித்து என்டர் தட்டும்போது அவர் காட்டிய வழியில்தான் போகிறோம்.

1930களில் ஜெர்மனியில் தொடங்கிய டெலக்ஸ் சேவைக்கு ஒரு சங்கடம் இருந்தது. ராத்திரி நேரத்தில் ஆளில்லாத அலுவலகத்துக்கு வணிகர் ஆர்டர் அனுப்புகிறார். சரியான பொறிக்குத்தான் போய்ச் சேர்ந்ததா என்று யாரைக் கேட்பது? பொறியையே கேட்கலாம் என்று முடிவாயிற்று. 'நீ யார்' என்ற விசையை அழுத்தினால் எதிர்முனையில் ஒரு சிறிய உருளை சுழலும். அதன் பற்களை முன்கூட்டியே ஒடித்து வைத்திருப்பார்கள். எஞ்சிய பற்களின் வரிசைதான் அந்த நிறுவனத்தின் அடையாளம். உருளை ஒரு சுற்று சுற்றிப் பெயரைத் தட்டி அனுப்பும். 1963இல் அமெரிக்காவின் ஆஸ்கி எழுத்துத் தொகுப்பு வந்தபோது இந்தக் கேள்விக்கு ஐந்தாம் எண்ணை ஒதுக்கினார்கள். பட்டி பதில் சொல்வது அந்த ஐந்தாம் எண்ணுக்குத்தான். ஒடித்த பற்களுக்குப் பதிலாக மென்பொருளின் பெயர்.

டெலக்ஸ் பொறி தன் பெயரைச் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும். அது பொய்யா மெய்யா என்று சோதிக்கிற கவலை 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.க்கு வந்தது. ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பைச் செய்து காட்டியது. ஒரே கணினி, பல தட்டச்சு முனையங்கள், ஆளுக்குத் தனித்தனிக் கோப்புகள், ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்ற அளவு. யார் கணக்கில் எழுதுவது என்று தெரிய வேண்டாமா? 'லாகின்' கட்டளையும் கடவுச்சொல்லும் அங்கே அப்படித்தான் வந்தன. ராணுவ ரகசியம் எதையும் காக்க வந்தவையல்ல. கணக்குப்பிள்ளைக்கு உதவியாக வந்தவை.

வந்த சூட்டிலேயே திருட்டும் வந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. கோப்புகளை அச்சடித்துத் தரக் கேட்கும் வசதி இருந்தது. 1962இல் அவர் கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடிக்கச் சொல்லித் துளையட்டை போட்டார். மறுநாள் போய்ப் பார்த்தால் தாள் தயாராக இருந்தது. பழி தன் ஒருவர் தலையில் விழாமல் இருக்க, சிலருக்கு அதில் பங்கும் கொடுத்தார். பல ஆண்டு கழித்து அவரே சொன்ன கதை இது. அதே அமைப்பில் அதைவிடப் பெரிய கூத்து ஒன்றும் நடந்தது. ஒரு நிர்வாகி அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் கடவுச்சொல் கோப்பை. இருவருக்கும் திருத்தும் நிரல் தற்காலிகமாக ஒரே பெயரில் கோப்பு வைக்க, இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எல்லோருடைய கடவுச்சொற்களும் வணக்கம் சொல்லி வரவேற்றன. 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது உரையில் கோர்பாட்டோ இதைச் சொன்னார். ரூட்டருக்குள் நுழைந்ததும் 'அனுமதியற்றோர் நுழையக் கூடாது' என்று ஒரு பலகை தெரிகிறதே, அது இந்த அன்றைய அறிவிப்பின் பேரன்.

அடுத்த நிறுத்தம் 1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி, லாஸ் ஏஞ்சலஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெனார்ட் க்ளைன்ராக்கின் ஆய்வகத்திலிருந்து சார்லி க்ளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வழியே நுழையப் பார்க்கிறார். 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் இரண்டு எழுத்தும் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதில் எதிர்முனை விழுந்தது. இணையத்தின் முதல் செய்தி இரண்டே எழுத்து என்பது எல்லோரும் சொல்லும் கதை. ஏன் விழுந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அங்கிருந்த எஸ்.டி.எஸ். 940 கணினிக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. மூன்றெழுத்து தட்டியதும் இன்ன கட்டளை என்று அதுவே ஊகித்து மீதியை எழுதிக் காட்டும். ஆகவே ஓர் எழுத்து போன இடத்திலிருந்து சில எழுத்துகள் சேர்ந்து திரும்பின. ஒவ்வொன்றாகத்தான் வரும் என்று எழுதியிருந்த நிரலால் அதைத் தாங்க முடியவில்லை. மறுமுனையில் இருந்த பில் டுவால் அதைச் சரிசெய்ய, ஒரு மணி நேரத்தில் நுழைவு நடந்தது.

முதல் நாளே வலையைக் கவிழ்த்த அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒழிந்துபோகவில்லை. பெர்க்லியில் 940க்கு எழுதிய அமைப்பிலிருந்து அதை பாஸ்டன் பக்கத்து பி.பி.என். நிறுவனத்தார் எடுத்துத் தங்கள் டெனெக்ஸ் அமைப்பில் வைத்தார்கள். தானாக முந்திக்கொள்ளாமல் ஒரு விசையை அழுத்தினால்தான் மீதியை எழுதும்படி அடக்கிவைத்தார்கள். டெனெக்ஸ் டி.இ.சி. நிறுவனத்துக்குப் போய் 1976இல் டாப்ஸ்-20 ஆயிற்று. அடுத்து என்ன தட்டலாம் என்று தெரியாவிட்டால் கேள்விக்குறி போடலாம், பட்டியல் வரும். டாப்ஸ்-20 கணினிகள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலும் இருந்தன. அந்த ஊரை நினைவில் வையுங்கள்.

தொலைபேசிக்காரர்கள் அப்போது வேறு கவலையில் இருந்தார்கள். அமெரிக்காவில் நீண்டதூர இணைப்புகளுக்கு உத்தரவு, பேச்சு போகும் அதே கம்பியில் ஒலியாகப் போய்க்கொண்டிருந்தது. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் தடம் காலி என்று பொருள். எந்த ஒலிக்கு என்ன அர்த்தம் என்பதை பெல் நிறுவனமே தன் தொழில்நுட்ப ஏட்டில் அச்சிட்டிருந்தது. கடவுச்சொல் ஏது? விசிலடிக்கத் தெரிந்தால் போதும். காலை உணவுப் பெட்டியில் இலவசமாக வந்த பொம்மை ஊதல் அந்த ஒலியைக் கச்சிதமாகத் தந்ததால், ஜான் டிரேப்பர் என்பவருக்கு அந்த உணவின் பெயரே பட்டப்பெயர் ஆயிற்று. 1971 அக்டோபரில் எஸ்கொயர் இதழ் இந்த விளையாட்டைப் பற்றி எழுத, அதைப் படித்த ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் 'நீலப் பெட்டி' செய்து விற்றார்கள். ஆப்பிளுக்கு முன் அவர்கள் சேர்ந்து செய்த வியாபாரம் அதுதான். பிறகு உத்தரவுக்குத் தனிப் பாதை, பேச்சுக்குத் தனிப் பாதை என்று கம்பெனிகள் பிரித்துக்கொண்டன.

எக்ஸ்சேஞ்சுக்குள் உட்கார்ந்து உத்தரவு போடும் வழக்கம் 1965இல் நியூஜெர்சியின் சக்கசன்னாவில் தொடங்கிய பெல்லின் முதல் பெரிய மின்னணு எக்ஸ்சேஞ்சிலேயே இருந்தது. பராமரிப்பு ஊழியர் டெலிடைப்பில் தட்டுவார், அது தாளில் பதில் அடிக்கும். நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி கட்டளைகள் வேறாக இருக்கவே, உலகத் தொலைபேசி நிர்வாகங்களின் ஆலோசனைக் குழுவான சி.சி.ஐ.டி.டி. 'மனித-இயந்திர மொழி' என்று ஓர் இலக்கணம் வகுத்தது. முதலில் கட்டளை, பிறகு முக்காற்புள்ளி, பிறகு விவரங்கள், கடைசியில் அரைப்புள்ளி. ஸ்வீடனின் எரிக்சன் 1970களில் கொண்டுவந்த ஏ.எக்ஸ்.இ. எக்ஸ்சேஞ்சில் கட்டளைகள் ஐந்தெழுத்தாகச் சுருங்கியிருக்கும். அலாரம் பட்டியலைக் காட்டு என்பதற்கு ஏ-எல்-எல்-ஐ-பி. ஊழியர்கள் அதை ஒரு சொல்லாகவே உச்சரிப்பார்கள். வெளியாளுக்கு மந்திரம் போலத்தான் கேட்கும்.

அந்த மந்திரத்தை வைத்து நடந்த ஒரு களவுக்காகக் கொஞ்சம் முன்னே தாவுகிறேன். ஏதென்ஸ் ஒலிம்பிக் நடந்த 2004இல் வோடஃபோன் கிரீஸின் ஏ.எக்ஸ்.இ. எக்ஸ்சேஞ்சுகளுக்குள் யாரோ தங்கள் நிரலைச் சொருகினார்கள். பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸ் உட்பட சுமார் நூறு பேரின் பேச்சு வேறு கைபேசிகளுக்கும் போனது. நிரலைப் பட்டியலிடச் சொன்னால் அது தன் பெயரை மறைத்துக்கொண்டது. எனக்கு வியப்பளிப்பது அதன் பின்கதவு. ஏதோ ஒரு சாதுவான கட்டளையைத் தட்டி, அதன் பின்னால் ஆறு இடைவெளிகளை விட வேண்டும். உடனே எக்ஸ்சேஞ்ச் தன் நடவடிக்கைக் குறிப்பேட்டை எழுதுவதை நிறுத்திவிடும். நிறுத்தியதற்கான அலாரமும் அடிக்காது. கண்ணுக்கே தெரியாத கடவுச்சொல். 2005 தொடக்கத்தில் களவாளிகள் தங்கள் நிரலைப் புதுப்பித்தபோது ஏதோ பிசகி, குறுஞ்செய்திகள் போய்ச் சேராமல் புகார் வந்தது. அதைத் துருவியபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

ஸ்டான்ஃபோர்டுக்கு வருவோம். 1980 வாக்கில் அங்கே மருத்துவப் பள்ளியில் இருந்த வில்லியம் யேகர், ஒருவகைக் கணினி வலையை இன்னொருவகையோடு பேசவைக்கும் நிரலை எழுதினார். ஆண்டி பெக்டோல்ஷைம் என்ற மாணவர் வடிவமைத்த கணினிப் பலகையில் அது ஓடியது. வளாகமெங்கும் பரவிய அந்தச் சாதனத்துக்கும் 'நீலப் பெட்டி' என்றுதான் பெயர். விசில் பெட்டியோடு சம்பந்தமில்லை, கூடு நீல நிறம். கணினித் துறையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த லென் போசாக்கும் வணிகப் பள்ளிக் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சாண்டி லெர்னரும் 1984 டிசம்பரில் சிஸ்கோவைத் தொடங்கினார்கள். அவர்கள் விற்றது பல்கலைக்கழகத்தின் சரக்கை அடிப்படையாகக் கொண்டது என்று தகராறு எழுந்தது. 1987இல் ஸ்டான்ஃபோர்ட் உரிமம் கொடுத்து அதை முடித்தது.

சிஸ்கோவின் கட்டளை வரியை வடித்தவர்களில் முதன்மையானவர் கிர்க் லஹீட். டாப்ஸ்-20இல் பழகிய கை. அதனால் கேள்விக்குறி போட்டால் பட்டியல் வந்தது, பாதி தட்டினால் மீதி வந்தது. நம்மூர் இன்ஜினியர் 'கான்ஃப் டி' என்று சுருக்கித் தட்டும்போதும் பெட்டிக்குப் புரிகிறதென்றால், 1969இல் விழுந்த அந்தக் கணினியின் ரத்தம் இதில் ஓடுகிறது என்று அர்த்தம். இன்னொரு மிச்சமும் உண்டு. 'ஷோ' என்பதில் எழுத்து மாறிப்போனால் பழைய ரூட்டர் 'தவறு' என்று சொல்லாது. அந்தப் பெயரில் எங்கோ ஒரு கணினி இருப்பதாக எண்ணி, வலையெல்லாம் விசாரித்துக்கொண்டு நம்மைக் காக்கவைக்கும். காரணம், ஆரம்பத்தில் சிஸ்கோ விற்றவற்றில் டெர்மினல் சர்வர்களும் இருந்தன. கணினியின் பெயரைத் தட்டினால் அதனோடு இணைத்துவிடுவதுதான் அவற்றின் பிழைப்பு.

கதவில் யார் என்று கேட்கும் முறையும் கடன்தான். 1971இல் வந்த டிப் என்ற அர்ப்பாநெட் பெட்டிக்குத் தொலைபேசி எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம், பெயர் கேட்காது. பிற்பாடு பாதுகாப்புத் துறை வலைக்கு ஒரு காவலாள் தேவைப்பட்டு, 1984இல் பி.பி.என். டாகாக்ஸ் என்ற முறையை எழுதியது. அதை சிஸ்கோ தத்தெடுத்து, 1990களில் ஏறக்குறைய புதிதாகவே மாற்றி எழுதியது. யார் நுழைந்தார், எந்தக் கட்டளை போட்டார் என்று இன்றைய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.

நகலெடுத்து வளர்ந்தவர்களை மற்றவர்கள் நகலெடுக்காமல் விடுவார்களா? 2003 ஜனவரியில் சிஸ்கோ டெக்சஸ் நீதிமன்றத்தில் ஹுவாவே மேல் வழக்குப் போட்டது. நிரல், கையேடு, கட்டளை வரி எல்லாம் எங்களுடையது என்று வாதம். ஹுவாவே சிலவற்றை மாற்ற ஒப்புக்கொண்டு 2004இல் வழக்கு முடிந்தது. இன்று ஹுவாவே ரூட்டரில் 'ஷோ' இல்லை, 'டிஸ்ப்ளே' உண்டு. ஒரு கட்டளையை நீக்க 'நோ' இல்லை, 'அன்டூ' உண்டு. இரண்டிலும் வேலை செய்பவர்களின் விரல்கள் படும் பாடு தனிக்கதை. அதே ஹுவாவேயின் செல்பேசிக் கருவிகளோ முக்காற்புள்ளியும் அரைப்புள்ளியுமாக சி.சி.ஐ.டி.டி. பாணியில் பேசுகின்றன. ஒரே வீட்டில் இரண்டு பூர்வீகம்.

பத்தாண்டு கழித்து அரிஸ்டா நிறுவனத்தின் முறை. 2014 டிசம்பரில் சிஸ்கோ தொடுத்த வழக்கில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டளைச் சொற்றொடர்கள் பட்டியலிடப்பட்டன. அரிஸ்டாவின் நிறுவனர்களில் ஒருவர் யார் தெரியுமா? யேகரின் நிரல் ஓடிய பலகையைச் செய்த அதே பெக்டோல்ஷைம். 2016 டிசம்பரில் சான் ஹோசே ஜூரி விசித்திரமாகத் தீர்ப்பளித்தது. நகலெடுத்தது உண்மை, ஆனால் இந்தத் தொழிலில் யார் எழுதினாலும் ஏறக்குறைய இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும், ஆகவே குற்றமில்லை. பழங்கதையைத் தெரிந்தவனாக எனக்கு அது நியாயமாகவே படுகிறது. காப்புரிமை வழக்குகளும் கூட இருந்ததால், 2018இல் அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுத்து எல்லாவற்றையும் முடித்துக்கொண்டது.

தூரத்திலிருந்து நுழையும் பாதையான டெல்நெட் 1969இலேயே பேசப்பட்டு, 1983இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. கணினியின் எண்ணிட்ட கதவுகளில் அதற்கு 23ஆம் கதவு. பெயரும் கடவுச்சொல்லும் திறந்த தபாலட்டையாகவே அதில் போகும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, சென்னையிலும் பலருக்கு முதலில் கிடைத்தது 'ஷெல்' கணக்குதான். மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும் கருந்திரையில் லாகின் என்று வரும். உள்ளே படம் கிடையாது, எழுத்து மட்டும். அதே ஆண்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களை அள்ளிவிட, டாட்டு உலோனென் என்ற ஆய்வாளர் எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்ற நிரலை எழுதினார். 21 கோப்புப் பரிமாற்றத்துக்கு, 23 டெல்நெட்டுக்கு. நடுவில் 22 காலியாக இருப்பதைப் பார்த்து, எண்களை ஒதுக்குபவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டார். மறுநாளே கொடுத்துவிட்டார்கள். அப்படியும் டெல்நெட் சாகவில்லை. 2016இல் மிராய் என்ற கிருமி, அறுபதுக்கும் மேற்பட்ட ஆலைக் கடவுச்சொற்களை டெல்நெட் கதவுகளில் வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் வீட்டு ரூட்டர்களையும் பிடித்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வர்களின் தொழில் போட்டியில் இளைஞர்கள் செய்த வேலை அது.

தூரத்திலிருந்து கட்டளை போடுவதில் வேறொரு அபாயம், உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிக்கொள்வது. நாம் நுழைந்த பாதையையே அடைக்கும் கட்டளையைப் போட்டுவிட்டால் பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு நேரில்தான் போக வேண்டும். சிஸ்கோவில் விவரமானவர்கள் முதலில் 'பத்து நிமிடத்தில் திரும்பத் தொடங்கு' என்று சொல்லிவிட்டுத்தான் விஷப்பரீட்சையில் இறங்குவார்கள். 1998இல் முதல் பெட்டியை விற்ற ஜூனிப்பர் நிறுவனம் இதையே ஒழுங்கான வசதியாக்கியது. மாற்றத்தை எழுதி வைத்து, 'கமிட்' செய்தால்தான் நடைமுறைக்கு வரும். பத்து நிமிடத்துக்குள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும்படியும் கேட்கலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் வழக்கமான பராமரிப்பின்போது ஒருவர் முதுகெலும்பு வலையின் கொள்ளளவை அறிய ஒரு கட்டளை போட்டார். அது எல்லா இணைப்புகளையும் இறக்கிவிட்டது. ஆபத்தான கட்டளைகளைத் தடுக்கும் நிரலில் பிழை. ஆபத்துக்கென்று வைத்திருந்த தனிப் பாதையும் வேலை செய்யவில்லை. ஆட்களை நேரில் அனுப்பி மீட்க ஆறு மணி நேரம் போல ஆனது.

மனிதர் தட்டினால்தானே இந்த வம்பு என்று மனிதரை விலக்கும் முயற்சி நெடுநாளாக நடக்கிறது. 1990இல் டான் லைப்ஸ் எழுதிய 'எக்ஸ்பெக்ட்' என்ற நிரல், ஆள் உட்கார்ந்து தட்டுவதுபோல் நடித்தது. பெயர் கேட்டால் பெயர் கொடுக்கும், கடவுச்சொல் கேட்டால் அதைக் கொடுக்கும். 2002இல் வலை நடத்துபவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டபோது, நிர்வாகத்துக்கென்று தரநிலைக்காரர்கள் வகுத்த முறையைவிடக் கட்டளை வரியையே நம்புவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து 2006இல் நெட்கான்ஃப் என்ற முறை வந்தது; ஜூனிப்பர் ஏற்கெனவே செய்து வைத்திருந்ததை ஒட்டியது, ஓடுவது உலோனெனின் எஸ்.எஸ்.எச். மேலே. ஆனாலும் எக்ஸ்பெக்டின் வாரிசுகள் குறையவில்லை. நடு ராத்திரியில் ஒரு பைத்தான் நிரல் நூற்றுக்கணக்கான சுவிட்சுகளில் வரிசையாக நுழைகிறது. நுழைந்ததும் அது அனுப்பும் முதல் கட்டளை பெரும்பாலும் 'டெர்மினல் லெங்த் 0'. திரை நிறைந்ததும் நிறுத்தி 'இன்னும் உண்டு' என்று காத்திருக்காதே, படிப்பதற்கு இங்கே கண் கிடையாது என்று பொருள். அந்தத் திரையின் உயரமாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும் 24 வரி, டி.இ.சி. 1978இல் விற்ற வி.டி.100 முனையத்தின் உயரம். 80 எழுத்து அகலம், 1928இல் ஐ.பி.எம். கொண்டுவந்த துளையட்டையின் அகலம்.